கடலுக்கு அடியில் கழட்ட முடியாத இரும்பு! எண்ணெய் தீர்ந்த பிறகு யார் தலையில் விடியும்?

கட்டிட வேலைக்கு சாரம் கட்டுகிறவரை கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். சவுக்குக் கட்டைகளை மாடி மாடியாக அடுக்கி கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். மேலே நாலு பேர் ஏறி நின்றாலும் அசையாது. ஆனால் பூச்சு வேலை முடிந்த அன்றைக்கு அதே ஆள் வந்து முடிச்சை அவிழ்ப்பார். அரை நாளில் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். கட்டும்போதே கழட்டுகிற கணக்கு அவர் மனதில் இருக்கும்.

கடலுக்குள் கோடி கோடியாகக் கொட்டி எண்ணெய்க் கிணறு அமைத்த பெரிய பெரிய என்ஜினீயர்கள் பல வருஷமாக இந்தக் கணக்கைப் போடவில்லை. "எண்ணெய் வந்தால் போதும், பிறகு பார்த்துக்கலாம்" என்று கடலடியில் இரும்பையும் கான்கிரீட்டையும் இறக்கி விட்டார்கள். இப்போது அந்த "பிறகு" வந்துவிட்டது. எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்று உலகம் முழுக்க எண்ணெய் நிறுவனங்கள் முழி பிதுங்கிக் கொண்டிருக்கின்றன.

எங்கேயோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரிக்குத் தெற்கே 80 கிலோ மீட்டர் தூரத்தில், வங்கக் கடலுக்குள், பி.ஒய்.-3 என்று ஒரு எண்ணெய் வயல் இருக்கிறது. தண்ணீர் ஆழம் அங்கே 40 மீட்டரில் தொடங்கி 450 மீட்டர் வரை போகிறது. 1997-ல் அங்கே எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். கிணற்றுத் தலையைக் கடலடியிலேயே வைத்து, மேலே மிதக்கும் மேடையில் எண்ணெயை வாங்கிக் கொள்ளும் முறை இந்தியக் கடலில் முதன்முதலாக வந்தது இந்த வயலில்தான். 2011-ம் ஆண்டு ஜூலை மாதம் உற்பத்தி நின்றது.

மிதக்கிற மேடையை இழுத்துக்கொண்டு போய்விடலாம். கடலடியில் பதித்ததை அப்படிப் போகிற போக்கில் கொண்டுபோக முடியாது.

கடலடியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

கடலடி எண்ணெய்க் கிணறு என்றால் தரையில் ஒரு ஓட்டை என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டைக்கு மேலே ஒரு பெரிய இரும்புக் கூடு உட்கார்ந்திருக்கும். வால்வு, குழாய், அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் கிளை கிளையாகப் பொருத்தியிருப்பதால் அந்தத் தொழிலில் இதற்கு 'கிறிஸ்துமஸ் மரம்' என்றே பெயர். பல பத்து டன் எடை. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் இருந்து வரும் எண்ணெய் எல்லாம் ஒரு இடத்தில் சேர்வதற்கு இன்னொரு இரும்புக் கூடு. அங்கிருந்து மேடைக்கோ கரைக்கோ கிலோ மீட்டர் கணக்கில் குழாய்.

இது தவிர, வால்வுகளைத் திறந்து மூடுவதற்கு மின்சாரமும் ஆயிலும் மருந்தும் கொண்டு போகிற தடித்த கேபிள் ஒன்று உண்டு. அதற்குத் தொழிலில் வைத்த பெயர் தொப்புள்கொடி! குழாய் நகராமல் இருப்பதற்கும், நங்கூரமோ வலையோ இழுத்து விடாமல் இருப்பதற்கும், கான்கிரீட் கட்டிகளைக் கயிற்றில் கோத்து மெத்தை மாதிரி மேலே போர்த்துவார்கள். ஒரு மெத்தையே பல டன் வரும். பெரிய வயல்களில் இப்படி நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

பொதுவாக ஒரு வயலுக்கு 20, 25 வருஷம் என்று ஆயுள் கணக்குப் போடுவார்கள். அது முடிந்ததும் கிணற்றுக்குள் சிமெண்ட் கொட்டி நிரந்தரமாக அடைக்க வேண்டும். குழாய்க்குள் தங்கிய எண்ணெயைக் கழுவி எடுக்க வேண்டும். கடலடியில் வைத்ததை எல்லாம் மேலே கொண்டுவர வேண்டும். கேட்பதற்கு சுலபமாக இருக்கிறது.

வலை மாட்டினால் உயிர் போகும்

எடுக்காமல் விட்டால் யாருக்கு நஷ்டம்? முதல் அடி மீனவர்களுக்குத்தான்.

1997-ம் ஆண்டு மார்ச் மாதம் ஐரோப்பாவின் வட கடலில் நடந்த சம்பவம் இது. 'வெஸ்ட்ஹேவன்' என்ற ஸ்காட்லாந்து இழுவலைப் படகு மீன்பிடித்துக் கொண்டிருந்தது. இழுவலையின் வாயை விரித்துப் பிடிப்பதற்கு இரண்டு பக்கமும் கனமான பலகை கட்டுவார்கள் அல்லவா, அந்தப் பலகை கடலடியில் போன ஒரு எண்ணெய்க் குழாயின் அடியில் சிக்கிக் கொண்டது. குழாய்க்குக் கீழே இருந்த மண்ணை நீரோட்டம் அரித்திருந்தது. குழாய் அந்த இடத்தில் பாலம் மாதிரி தொங்கிக் கொண்டிருந்தது. பலகை அந்த இடுக்கில் போய் மாட்டியது. படகு கவிழ்ந்து மூழ்கியது. அதில் இருந்த 4 பேரும் பலியானார்கள்.

இது பயன்பாட்டில் இருந்த குழாய். வரைபடத்தில் இருந்த குழாய். அதற்கே இந்தக் கதி என்றால், கம்பெனி கணக்கை மூடிவிட்டுப் போன பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பதற்குக் கூட ஆள் இல்லாத குழாய் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு பிரிட்டனில் 2007-ல் எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் மீனவர்களுக்கென்று ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். கடலடியில் எங்கெங்கே இரும்பு கிடக்கிறது என்ற விவரத்தைப் படகில் உள்ள கருவிக்கே கொடுத்து, பக்கத்தில் போனால் அலாரம் அடிக்கிற ஏற்பாட்டை அது பார்த்துக் கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அலாரம் அடிக்கிற இடத்தில் எல்லாம் வலை போட முடியாது என்பதும் உண்மை. இரும்பு கிடக்கிற வரைக்கும் அந்த இடம் மீனவனுக்கு இல்லை.

பெட்ரோல் விலையில் வரும் 'பிரெண்ட்' இதுதான்

"பிரெண்ட் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் இத்தனை டாலர்" என்று பெட்ரோல் விலைச் செய்தியில் அடிக்கடி வருமே, அந்த பிரெண்ட் என்பது வட கடலில் உள்ள ஒரு எண்ணெய் வயலின் பெயர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் இருந்தும் வெகு தூரம் தள்ளி, 140 மீட்டர் ஆழக் கடலில் இருக்கிறது. ஷெல் நிறுவனம் 1971-ல் கண்டுபிடித்தது. 1976-ல் எண்ணெய் வந்தது. நம்ம மும்பை ஹை வயலில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்ததும் அதே 1976-ல் என்பது குறிப்பிடத்தக்கது.

பிரெண்டில் 4 மேடைகள். ஒன்றுக்கு இரும்புக் கால். மற்ற மூன்றும் கான்கிரீட் கால்களில் நிற்பவை. கரைக்குக் குழாய் போடுவதற்கு முன்பு எண்ணெயைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதற்காக, அந்தக் கால்களின் அடியில் கான்கிரீட் தொட்டிகளைக் கட்டினார்கள். மூன்று மேடைகளுக்கும் சேர்த்து 64 தொட்டிகள். ஒவ்வொன்றும் 60 மீட்டர் உயரம் வரும். அதாவது 20 மாடிக் கட்டிடம்! மொத்தமாக ஒரு மேடையின் அடிப்பாகம் மட்டும் சுமார் 3 லட்சம் டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 30 ஆயிரம் லாரி லோடு.

கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். அலைக்கும் புயலுக்கும் அசையாமல் 40 வருஷத்துக்கு மேல் நின்று காட்டியது. ஆனால் திரும்ப எடுப்பது எப்படி என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

2017-ம் ஆண்டு ஏப்ரலில் 'பயனியரிங் ஸ்பிரிட்' என்ற ராட்சதக் கப்பல் வந்தது. 382 மீட்டர் நீளம், 124 மீட்டர் அகலம். பிரெண்ட் டெல்டா மேடையின் மேல்பாகத்தை, 24 ஆயிரம் டன் எடையை, ஒரே தூக்கில் தூக்கியது. கடலில் அதுவரை யாரும் அவ்வளவு எடையை ஒரே தடவையில் தூக்கியதில்லை. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்துக்குக் கொண்டு போய் உடைத்தார்கள். 2019-ல் பிராவோ, 2020-ல் ஆல்பா, 2024-ல் சார்லி என்று மற்ற மேல்பாகங்களும் வந்து சேர்ந்தன.

கான்கிரீட் கால்கள்? அப்படியே கடலில் நிற்கின்றன. தண்ணீருக்கு மேலே நீட்டிக் கொண்டிருக்கும் தூண்களின் உச்சியில், கப்பல்கள் மோதாமல் இருக்க விளக்கு வைத்திருக்கிறார்கள்.

எடுக்க முடியாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அந்தத் தொட்டிகளை மறுபடியும் மிதக்க வைக்க வேண்டும் என்றால் உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வெளியே 140 மீட்டர் ஆழத் தண்ணீர் நெருக்கும்போது 40 வருஷப் பழைய கான்கிரீட் தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பாதி வழியில் விரிசல் விட்டால் மொத்தமும் கடலில் விழும். தொட்டிக்குள்ளே மணலும் எண்ணெயும் கலந்த சேறு வேறு தங்கியிருக்கிறது. அதில் மாதிரி எடுப்பதற்கே தனியாகக் கருவி செய்து, கடலுக்கு அடியில் கான்கிரீட் கூரையைத் துளை போட வேண்டி வந்தது. கட்டும்போதே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மூடி வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

கால்களைக் கடலிலேயே விட்டுவிட அனுமதி வேண்டும் என்று ஷெல் 2017-ல் பிரிட்டன் அரசிடம் திட்டம் கொடுத்தது. ஜெர்மனி உள்ளிட்ட பக்கத்து நாடுகள் ஆட்சேபம் தெரிவித்தன. 2019 அக்டோபரில் கிரீன்பீஸ் அமைப்பினர் மேடை மேலேயே ஏறிப் போராட்டம் நடத்தினார்கள்.

மூச்சைப் பிடித்து எழுந்த மேடை

அதே வட கடல். அதே காலத்து என்ஜினீயர்கள். ஆனால் மாரீன் என்ற வயலில் வேறு மாதிரி வேலை நடந்தது.

அங்கே 1983-ல் எண்ணெய் எடுக்க ஆரம்பித்த பிலிப்ஸ் நிறுவனம், வயல் சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்புறம் இந்த மேடையை வேறு இடத்துக்கு இழுத்துக் கொண்டு போகலாமே என்று கணக்குப் போட்டது. அதனால் அடியில் மூன்று பெரிய இரும்புத் தொட்டிகள் வைத்து, திரும்ப மிதக்கிற மாதிரியே மேடையை வடிவமைத்தார்கள். சாரம் கட்டுகிறவர் போடுகிற முடிச்சு மாதிரி என்று வைத்துக் கொள்ளலாம்.

1999-ல் எண்ணெய் நின்றது. 2001-ம் ஆண்டு ஜூன் மாதம் தூக்குகிற வேலை. கனமான ஒரு பொருள் பல வருஷம் சேற்றில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று வயலில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். காலைச் சேற்றில் விட்டு இழுத்துப் பாருங்கள், சேறு உள்ளே இழுக்கும். அந்தப் பிடியை விடுவிக்க, தொட்டிகளுக்கு அடியில் தண்ணீரைச் செலுத்தினார்கள். தொட்டிக்குள் இருந்த தண்ணீரை வெளியேற்றினார்கள். ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் எடையுள்ள மேடை மெதுவாகக் கடலடியை விட்டு எழுந்தது. இழுவைக் கப்பல்கள் அதை நார்வேயின் ஸ்டோர்ட் என்ற இடத்துக்கு இழுத்துச் சென்றன.

கடைசியில் அதை வாங்க ஆள் கிடைக்கவில்லை. அங்கேயே உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். நினைத்தது பாதிதான் நடந்தது. ஆனால் மாரீன் வயலில் அந்த மேடை இருந்த இடத்தில் இன்றைக்குத் தூண் எதுவும் நிற்கவில்லை.

ஒரு பீப்பாயைக் கவிழ்த்துக் கட்டிய சட்டம்

இந்தக் கணக்கைச் சட்டமாக்க வைத்தது மிதக்கும் எண்ணெய்த் தொட்டி ஒன்று. பிரெண்ட் வயலில் எண்ணெய் சேர்த்து வைக்க 'பிரெண்ட் ஸ்பார்' என்று ஒரு ராட்சத மிதவை இருந்தது. வேலை முடிந்ததும் 1995-ல் அதை அட்லாண்டிக் ஆழ்கடலில் மூழ்கடித்து விடலாம் என்று ஷெல் முடிவு செய்தது. பிரிட்டன் அரசும் சரி என்றது. கிரீன்பீஸ் ஆட்கள் மிதவை மேல் ஏறி உட்கார்ந்து கொண்டார்கள். ஜெர்மனியில் ஷெல் பெட்ரோல் பங்க்குகளைப் பொதுமக்கள் புறக்கணித்தார்கள். ஜூன் மாதம் ஷெல் பின்வாங்கியது. மிதவை நார்வேக்கு இழுத்துச் செல்லப்பட்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்டு, துறைமுகத் தளம் கட்ட அஸ்திவாரமாகப் போடப்பட்டது. மிதவைக்குள் இருந்த எண்ணெயின் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று கிரீன்பீஸ் பிறகு மன்னிப்புக் கேட்டது தனிக்கதை.

மூன்று வருஷம் கழித்து, 1998-ல் போர்ச்சுகல் நாட்டின் சிந்த்ரா நகரில் கூடிய ஐரோப்பிய நாடுகள், எண்ணெய் மேடைகளைக் கடலில் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்று முடிவெடுத்தன. 1999 பிப்ரவரி 9-ந் தேதிக்கு முன்பு நிறுவிய 10 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரும்புக் கால்களின் அடிப்பாகம், கான்கிரீட் கால்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்டு மனு போடலாம். ஷெல் கேட்டதும் அந்த விதிவிலக்கைத்தான்.

உலக அளவில் அதற்கும் முன்பே, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1989-ல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. 1998 ஜனவரி 1-ந் தேதிக்குப் பிறகு கடலில் நிறுவுகிற எந்த மேடையும், முழுசாகக் கழட்டி எடுக்கிற மாதிரி வடிவமைத்திருக்க வேண்டும் என்பதே அது. அதாவது கழட்டுகிற கணக்கு இல்லாமல் கட்டவே கூடாது.

ஒரு ஓட்டை இருக்கிறது. ஐரோப்பிய விதி மேடைகளுக்குத்தான். கடலடிக் குழாய்களுக்கு அது பொருந்தாது. குழாயை எடுப்பதா, புதைத்து விடுவதா என்பதை அந்தந்த நாடு அந்தந்த நேரத்தில் முடிவு செய்கிறது.

முடிச்சு போடுவது எப்படி?

சரி, கழட்டுகிற மாதிரி கட்டுவது என்றால் என்ன? பெரிய ராக்கெட் வித்தை எதுவும் இல்லை.

கடலடியில் ஒரு கூட்டை நிறுத்த வேண்டும் என்றால் பழைய முறை, இரும்புத் தூணைத் தரைக்குள் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்குவது. சிமெண்டும் கொட்டி இறுக்குவார்கள். அதைப் பிடுங்க முடியாது. மணலும் தண்ணீரும் கலந்து பீய்ச்சியோ வைரக் கம்பியால் அறுத்தோ, தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி மேல்துண்டை மட்டும் எடுப்பார்கள். அமெரிக்காவில் 15 அடி ஆழத்துக்குக் கீழே வெட்ட வேண்டும் என்று விதி. அடித்துண்டு பூமிக்குள் கிடக்க வேண்டியதுதான்.

இதற்கு மாற்றாக உறிஞ்சு தூண் என்று ஒன்று வந்திருக்கிறது. ஒரு பெரிய டிரம்மைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும். அடியில் திறப்பு, மேலே மூடி. கடலடியில் வைத்தால் தன் எடையில் கொஞ்சம் சேற்றில் இறங்கும். பிறகு உள்ளே இருக்கும் தண்ணீரை பம்ப் வைத்து உறிஞ்சினால், வெளியே உள்ள கடல் அழுத்தமே அதைத் தரைக்குள் அமுக்கிவிடும். சம்மட்டி இல்லை, சிமெண்ட் இல்லை. 25 வருஷம் கழித்து அதே பம்பைத் திருப்பி மாட்டி உள்ளே தண்ணீரைச் செலுத்தினால் டிரம் தானாக மேலே வரும்!

ஆனால் இங்கேதான் சாமர்த்தியம் தேவைப்படுகிறது. பம்ப் மாட்டுகிற வாய், 25 வருஷம் கழித்தும் திறக்கிற நிலையில் இருக்க வேண்டும். அதன் மேலே கான்கிரீட் மெத்தையைப் போர்த்தி வைத்திருக்கக் கூடாது. உள்ளே இருந்து தள்ளுகிற அழுத்தத்தை, துருப்பிடித்து மெலிந்த தகடு தாங்க வேண்டும். இதெல்லாம் வாங்குகிற அன்றைக்கே யோசித்தால் கொஞ்சம் இரும்புதான் கூடுதல் செலவு. மறந்து போனால் அதுவும் பிடுங்க முடியாத இன்னொரு தூண்.

துரு விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. இரும்புப் படகுகளின் அடிப்பக்கம் துத்தநாகக் கட்டி வைத்திருப்பதைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். இரும்புக்குப் பதில் அந்தக் கட்டி கரையும். கடலடிக் கூடுகளிலும் அதே மாதிரி அலுமினியம், துத்தநாகக் கட்டிகள் உண்டு. எண்ணெய் வருகிற காலத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் வைப்பார்கள். எண்ணெய் நின்று, தூக்குகிற நாள் வருவதற்குள் கட்டி கரைந்து போயிருக்கும். அதன் பிறகு இரும்பு கரைய ஆரம்பிக்கும். ஆக, கிரேனில் தூக்குகிற அன்றைக்குத்தான் கூடு மிகவும் பலவீனமாக இருக்கும். தூக்குகிற நாளையும் சேர்த்துக் கட்டி வையுங்கள் என்பது ஒரு எளிய யோசனை.

கிரேன் கொக்கி மாட்டுகிற காது இன்னொன்று. இறக்கும்போது பயன்பட்ட காதுகளை, வலை மாட்டும் என்று வெட்டி எடுத்து விடுவது உண்டு. திரும்பத் தூக்கும்போது கொக்கி மாட்ட இடம் இருக்காது. மடக்கி வைக்கிற மாதிரி காது வைத்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி. நார்வே கடலில் வைக்கிற கூடுகளை, இழுவலை மேலே ஏறி வழுக்கிப் போகிற மாதிரி சாய்வான மூடியோடுதான் செய்கிறார்கள்.

கான்கிரீட் மெத்தை சமாச்சாரம் கேட்டால் சிரிப்பு வரும். பழைய மெத்தைகளில் கட்டிகளைக் கோத்த கயிறும் கம்பியும் இற்றுப் போய்விட்டன. கிரேன் தூக்கியதும் மாலை அறுந்தது போல ஒவ்வொரு கட்டியாகக் கடலில் உதிர்கிறது. பிறகு கூடை வைத்துப் பொறுக்க வேண்டும். நூறு ரூபாய்க் கயிற்றில் மிச்சம் பிடித்து லட்ச ரூபாய் கப்பல் வாடகை கொடுத்த கதை.

குழாயிலும் யோசனை இருக்கிறது. வளைகிற குழாயைப் போட்டால் பெரிய ராட்டினத்தில் சுற்றி எடுத்து விடலாம். இரண்டு இரும்புக் குழாய்களை வெல்டிங் வைக்காமல் கழட்டுகிற மூட்டு வைத்தால், ஆளில்லாத ரோபோவே போய்த் திருகி எடுக்கும். குழாய்களைப் போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று என்று வளையமாக இணைத்து வைத்தால், கடைசி நாளில் ஒரு பக்கம் தண்ணீர் விட்டு மறுபக்கம் எண்ணெய்க் கசடை வாங்கிக் கொள்ளலாம். ஒரு முனை அடைபட்ட குழாயில் அது முடியாது. எண்ணெயோடு வந்த மெழுகும், சில இடங்களில் லேசான கதிரியக்கம் உள்ள படிவும் உள்ளேயே உறைந்து கிடக்கும்.

எல்லாவற்றையும் விட மலிவான யோசனை காகிதம். எந்தக் கூடு எத்தனை டன், எங்கே வெல்டிங், எங்கே போல்ட் என்ற விவரத்தைப் பத்திரமாக வைப்பது. 25 வருஷத்தில் வயல் நாலு கை மாறும். வரைபடம் எங்கேயோ தொலையும். எடை தெரியாமல் எந்த கிரேன்காரரும் கொக்கி மாட்ட மாட்டார்.

பிறகு ஏன் செய்வதில்லை?

பணம்தான். இன்றைக்குச் செலவழிக்கிற ஒரு கோடி, கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடி. 25 வருஷம் கழித்து வரப்போகும் பத்து கோடிச் செலவு, வட்டிக் கணக்கில் இன்றைக்குச் சின்னதாகத் தெரியும். வடிவமைக்கிற என்ஜினீயர் அதற்குள் ரிட்டயர் ஆகிவிடுவார். கம்பெனியே இருக்குமோ இருக்காதோ.

கடைசியில் பில் யார் தலையில் விழுகிறது? பிரிட்டனில் கழட்டுகிற செலவுக்கு, முன்பு கட்டிய வரியில் இருந்து திரும்பக் கேட்டு வாங்கிக் கொள்ள நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. இப்படி அரசுக்கு ஏற்படும் இழப்பு 2,400 கோடி பவுண்ட் வரை போகும் என்று அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2019-ல் சொன்னது. அன்றைய மதிப்பில் 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பெட்ரோல் போட்டதும் அவர்கள்தான், குப்பை அள்ளக் காசு கொடுப்பதும் அவர்கள்தான்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் மோசம். 'நார்தர்ன் எண்டவர்' என்ற மிதக்கும் எண்ணெய் மேடையைப் பெரிய கம்பெனி ஒன்று சின்னக் கம்பெனிக்கு விற்றது. சின்னக் கம்பெனி சில வருஷத்தில் திவாலானது. மேடையும் கிணறுகளும் அரசாங்கத்தின் தலையில் விழுந்தன. வேறு வழியில்லாமல், கடலில் எண்ணெய் எடுக்கிற எல்லாக் கம்பெனிகளுக்கும் பீப்பாய்க்கு 48 சென்ட் என்று தனித் தீர்வை போட்டு அந்தச் செலவை வசூலித்தார்கள்.

மீன் சேருமே, விட்டுவிடலாமே என்று ஒரு வாதம் இருக்கிறது. பொய் இல்லை. இரும்புக் கால்களில் பாசியும் சிப்பியும் ஒட்டி, மீன் கூட்டம் சேர்வதைத் தூண்டில் போடுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். அமெரிக்காவின் லூசியானா, டெக்சாஸ் கடலில் சுத்தம் செய்த பழைய மேடைகளை மீன் திட்டாக விட்டுவிடும் திட்டமே நடக்கிறது. ஆனால் அங்கே கம்பெனி தான் மிச்சம் பிடித்த செலவில் ஒரு பங்கை அரசாங்கத்துக்குக் கட்டுகிறது. இடத்தைக் குறித்து, அரசே பொறுப்பு எடுத்துக் கொள்கிறது. சும்மா விட்டுவிட்டுப் போவது வேறு, இது வேறு.

நம்ம கடலில்...

இந்தியாவில் கடல் மேடைகளைக் கழட்டிய முதல் பெரிய வேலை குஜராத்துக்கு அப்பால் தப்தி எரிவாயு வயலில் நடந்தது. ஷெல், ரிலையன்ஸ், ஓ.என்.ஜி.சி. கூட்டாக நடத்திய அந்த வயலில் 5 கிணற்று மேடைகளை அகற்றும் பணி 2022-ல் முடிந்தது. மும்பை ஹையில் 1970-களில் இருந்து நிற்கும் மேடைகள் வரிசையில் இருக்கின்றன.

செலவுக்குப் பணம் ஒதுக்கவும் வழி செய்திருக்கிறார்கள். எண்ணெய் எடுக்கிற நிறுவனம் லாபத்தில் ஒரு பகுதியை இடத்தைச் சீரமைக்கும் நிதியாக ஸ்டேட் பாங்கில் போட்டால், லாபத்தில் 20 சதவீதம் வரை வரிச்சலுகை என்று 1999-ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்தார்கள். கடலில் இருந்து எடுப்பதற்கான பணத்தை, எண்ணெய் வருகிற காலத்திலேயே எடுத்து வைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

சோழமண்டலக் கடற்கரைக்கு அப்பால் பி.ஒய்.-3 மட்டும் இல்லை. பி.ஒய்.-1 எரிவாயு வயலில் இருந்து தரங்கம்பாடி பக்கம் பிள்ளைபெருமாள்நல்லூர் வரை 50 கிலோ மீட்டருக்கு மேல் கடலடிக் குழாய் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழாய் போகிற கடலில்தான் பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால் படகுகள் தினமும் தொழிலுக்குப் போகின்றன. கரையோரக் கிராமங்களில் புதுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது வேலைவாய்ப்பு, எண்ணெய்க் கசிவு, நஷ்டஈடு என்று கேள்விகள் பறக்கும். கடலடியில் வைப்பதை எந்த வருஷம், எப்படி, யார் செலவில் எடுப்பார்கள், அதற்கான கொக்கிக் காது இப்போதே இருக்கிறதா என்பதையும் அந்தக் கூட்டத்தில் கேட்கலாம். வரைபடம் மேஜை மேல் இருக்கும்போது காது வைப்பதற்கு ஒரு கோடு போட்டால் போதும். கூடு கடலுக்குள் இறங்கிய பிறகு அதே வேலைக்குக் கப்பலும் ரோபோவும் வர வேண்டும்.